கல்யாண வீட்டில் குடிகாரன் படம்

தியேட்டர் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, மெஷினைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லித் தரப் போவதில்லை. அதற்கு ஆபரேட்டர் இருக்கிறார். அவருடைய மெஷினில் நீங்கள் ஒரு திருகாணியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவார். டிக்கெட் கொடுப்பது, கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது, இடைவேளை முறுக்கு நமுத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் போகப்போகத் தானாக வந்துவிடும். தானாக வராதது ஒன்று உண்டு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதாவது ஏடாகூடம் நடந்தால் அந்த நிமிஷத்தில் என்ன செய்வது என்பதுதான் அது. யோசிக்க நேரம் இருக்காது. முதலாளியைக் கேட்கலாம் என்றால் அவர் நிச்சயம் வெளியூரில் இருப்பார்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது டாக்கி என்கிற பேசும் படம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. காரைக்குடியில் ஒரு டெண்ட் கொட்டகையில் எனக்கு உதவி மானேஜர் உத்தியோகம். பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தமுக்கு அடித்து, செக்காலைத் தெருக்கள் முழுவதும் நோட்டீஸ் வீசிக்கொண்டு போகிறவனும் நான்தான். காற்றடித்தால் டெண்ட் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவனும் நான்தான். படம் பிடிக்காவிட்டால் திட்டு வாங்குகிறவன் யார் என்று சொல்லவே வேண்டாம்.

எங்கள் மானேஜர் அதிகம் பேசாத மனிதர். வேலையில் சேர்ந்த அன்று எனக்கு அவர் ஒரே ஒரு விதியைச் சொன்னார். "கலாட்டான்னா மொதல்ல லைட்டப் போடு. மத்ததெல்லாம் அப்புறம்." அவ்வளவுதான் பயிற்சி. ஆனால் அதன் அருமை எனக்குச் சீக்கிரமே தெரிந்தது. ஒருநாள் பெண்கள் பகுதியில் யாரோ "பாம்பு!" என்று அலற, கொட்டகையே எழுந்து ஓடப் பார்த்தது. மானேஜர் விளக்கைப் போடச் சொன்னார். பார்த்தால் ஒரு அம்மாளின் மடியிலிருந்து நழுவிய பூச்சரம். எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்த விதி வேதவாக்கு.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு படப்பெட்டி வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். கதாநாயகன் ஒரு பாட்டு வாத்தியார். மர வியாபாரி ஒருவரின் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறான். பாட்டை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தால் படமே இல்லை. காதல் வருகிறது. அப்பாவுக்குக் கோபம் வருகிறது. பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கிறார். வாத்தியார் குடிக்க ஆரம்பிக்கிறான். குடிக்கிறான், பாடுகிறான், விழுகிறான், எழுந்து மறுபடியும் குடிக்கிறான். கடைசி ரீலில் ஒரு சத்திரத்தில் நோயோடு கிடக்கிறான். விஷயம் தெரிந்து அந்தப் பெண் ஓடிவருகிறாள். அவள் வந்து சேர்வதற்குள் செத்துப்போகிறான். பெண்கள் பகுதியில் மூக்குச் சிந்துகிற சத்தத்தில் கடைசி வசனம் யாருக்கும் கேட்காது.

எங்கள் கொட்டகைக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் கள்ளுக்கடை. படத்தில் வாத்தியார் முதல் தடவை கிளாசைக் கையில் எடுக்கும்போது தரை டிக்கெட்டில் நாலைந்து பேர் எழுந்து நின்று, "வேணாம்டா, தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போடா" என்று கத்துவார்கள். படம் விட்டதும் அதே நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கள்ளுக்கடைக்குள் நுழைவார்கள். குடியின் கேட்டைச் சொல்ல வந்த படம் இது! கடைக்காரர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் படத்த எடுத்துறாதீக. இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓட்டுங்க" என்று கெஞ்சினார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, புதுவயலில் ஒரு அரிசி மில்லில் ஸ்பெஷல் ஷோ கேட்கிறார்கள், மெஷினை ஏற்றிக்கொண்டு போ என்றார். இதே படம்தான் வேண்டுமாம். சொல்லிவிட்டு அவர் மதுரைக்குப் போய்விட்டார். மில் கூலியாட்களுக்குக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நானும் ஆபரேட்டரும் மெஷினையும் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஆபரேட்டர் என்னைவிட மூத்தவர். மெஷினுக்கு ஒரு அதிர்ச்சியும் வரக்கூடாது என்று வழி முழுக்க அதை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மில் வாசலில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம். உள்ளே பெரிய பந்தல். ஒரு மூலையில் நாயனக்காரர் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டர் என் காதருகே வந்தார். "தம்பி, கல்யாண வீடு மாதிரியில்ல இருக்கு?"

"மாதிரி இல்லண்ணே. கல்யாண வீடேதான்" என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம். முதல் நாள் மாலை, நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் திரை கட்டி மாப்பிள்ளை வீட்டாருக்கு டாக்கி காட்டுவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் பெண்ணின் தாய்மாமன். சந்தனமும் ஜவ்வாதுமாக வந்து எங்களை வரவேற்றார். சுற்றுவட்டாரத்தில் பெரிய பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து மேளம் வருவதுண்டு, சதிர் ஆட்டம் வைப்பதுண்டு. டாக்கி வைத்தது அதுவரை யாரும் இல்லை. அந்தப் பெருமையில் மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

"இந்தப் படத்த நீங்க பாத்திருக்கீகளா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நான் எங்க கொட்டகைக்கு வந்தேன்? பிளேட்டு வச்சிருக்கேன்ல. காலையில எந்திரிச்சா அந்தப் பாட்டுத்தான். ஆணும் பொண்ணும் சேந்து பாடுறாங்களே, அடடா! அந்தப் பாட்டு இருக்குற படம் மங்களகரமாத்தான் இருக்கும்னு இதையே கொண்டாரச் சொன்னேன்."

இதுதான் அந்தக் காலத்துச் சங்கதி. படம் ஊருக்கு வருவதற்கு முன்பே கிராமபோன் பிளேட் வந்துவிடும். கதை தெரியாமல் ஊரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். இவர் பாட்டைக் கேட்டுப் படத்தை எடைபோட்டுவிட்டார். அந்த ஜோடிப் பாட்டு முடிந்த அடுத்த ரீலிலேயே பெண்ணின் அப்பா வாத்தியாரைச் செருப்பால் அடிக்கிறார் என்பது பிளேட்டில் இல்லை.

சொல்லாமல் தீராது. அவரை மில்லுக்குள் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். "கடைசியில கதாநாயகன் செத்துப்போறாங்க."

"சாவா? கல்யாண வீட்டுலயா?" என்று பதறினார். பிறகு சமாளித்துக்கொண்டு, "சரி, அந்த ரீலை மட்டும் விட்டுருங்க. என்ன வந்து சாகுறான்?" என்றார்.

"குடிச்சுத்தான். படமே குடியைப் பத்தினதுதான்."

சாவைக் கேட்டபோது பதறியவர் குடியைக் கேட்டபோது அப்படியே நெல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, ஒங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எம் மச்சான், பொண்ணோட அய்யா, மில்லுக்காரரு, பெரிய குடி. மாப்பிள்ளை வீட்டுல தீராத வயித்து வலின்னு சொல்லி வச்சிருக்கோம். பந்தக்கால் ஊன்டுன நாள்லருந்து ஒரு சொட்டுத் தொடல. ஆளு போட்டுக் காவல் காத்துக்கிட்டிருக்கோம். இன்னைக்குச் சம்பந்தி பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரப்போறாரு. எதுக்க ஒருத்தன் குடிச்சுக் குடிச்சு விழுந்தா எல்லாருக்கும் கண்ணு எங்குட்டுப் போகும்? கல்யாணம் நின்னு போச்சுன்னா எங்க புள்ளைய அப்புறம் யாரு கட்டுவா?"

தம்பிகளே, என்னிடம் இருந்தது ஒரே படம். அடுத்த பெட்டி ரயிலில் வர இன்னும் நாளாகும். மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "என் மெஷினா ரிப்பேரு?" என்று ஆபரேட்டர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். தாய்மாமனும் ஒப்பவில்லை. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வரிசையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. டாக்கி உண்டு என்று சொல்லியே சின்னப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வந்திருந்தார்கள்.

சரி, குடியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் காட்டுவது என்று முடிவு செய்தேன். எங்களிடம் ஒரே மெஷின் என்பதால் ரீலுக்கு ரீல் நிறுத்தித்தான் மாற்றுவோம். அதனால் முழுக்க முழுக்கக் குடிக்கிற ரீல்களை விட்டுவிடலாம். குடியும் மற்றதும் கலந்து வருகிற ரீல்களில், கிளாஸ் தலைகாட்டியதும் லென்சைக் கையால் மறைத்து, சத்தத்தையும் குறைத்துவிட வேண்டும். நெல் மூட்டைகள்மேல் ரீல்களைப் பிரித்து அடுக்கினோம். ஆபரேட்டர் பெருமூச்சு விட்டார். "தம்பி, இந்தப் படத்துல குடிய எடுத்துட்டா நாலு பாட்டும் ஒரு பசுமாடுந்தான் மிச்சம்."

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் படம் தொடங்கியது. முன்வரிசை நாற்காலியில் மில்காரர், ஒல்லியான மனிதர், பட்டு அங்கவஸ்திரத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சம்பந்தி. மாப்பிள்ளையின் அப்பா நல்ல கனத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. அந்தப் பக்கம் ஜமுக்காளத்தில் பெண்கள். அவர்களுக்கு நடுவில் தோழிகளோடு கல்யாணப் பெண்ணும் இருந்தாள்.

ஜோடிப் பாட்டு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தாய்மாமன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. வாத்தியார் நல்லபடியாக ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். திரை இருட்டாகிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது தெருவில் குப்புறக் கிடக்கிறான். சபையில் ஒரு முணுமுணுப்பு. எழுந்து நடக்கிறான், தள்ளாடுகிறான், இருட்டு. வெளிச்சம் வந்தால் இன்னொரு தெருவில் கிடக்கிறான்.

"அய்யய்யோ, பாவி மகனுக்கு வலிப்பு!" என்று பெண்கள் பகுதியிலிருந்து ஒரு கணீர்க் குரல். அது மாப்பிள்ளையின் அம்மா. "பாத்துக்கிட்டே நிக்கிறாய்ங்களே. யாராச்சும் அவன் கையில ஒரு சாவியக் குடுங்களேன்!"

பத்துப் பெண்கள் அதை ஆமோதித்தார்கள். இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று அவர்களுக்குள் பேச்சு நடந்தது. திரையில் வாத்தியாரின் அம்மா அவனை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். எதற்காக என்று சபைக்குத் தெரியாதல்லவா? "வலிப்பு வந்த புள்ளையப் போயி அடிக்கிறா பாரு. இவ பெத்தவளா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கொதித்தே போனார். நான் மெஷினுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டை வாயில் திணித்துக்கொண்டிருந்தேன். தப்பித்துவிட்டோம், இப்படியே கரையேறிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மில்காரர் எழுந்து நின்றார். திரையில் அவருடைய நிழல் பெரிதாக விழுந்தது.

"வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல தாயி. அவன் குடிச்சிருக்கான்" என்றார்.

ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டார். களம் கும்மிருட்டாகிவிட்டது.

"அவன் நடந்ததப் பாத்தீகள்ல. தரை இருக்குற எடத்த விட்டுட்டு இல்லாத எடத்துல கால வைக்கிறான். நானும் அப்படித்தான் நடப்பேன்."

"மச்சான், உக்காருங்க" என்று தாய்மாமன் பாய்ந்தார்.

"நீ சும்மா இரு மாப்ள. எத்தன நாளைக்கு வயித்து வலின்னு சொல்லுவ?"

ஆபரேட்டரின் கை விளக்கு ஸ்விட்சுக்குப் போனது. கலாட்டா என்றால் முதலில் லைட். அவருக்கும் அதுதான் பாடம், எனக்கும் அதுதான் பாடம். ஆனால் நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. விளக்கு வந்தால் முந்நூறு முகங்களும் அந்த ஒரு மனிதரைப் பார்க்கும். அவரும் பார்ப்பார். வாயில் இருக்கிற சொல்லை அப்படியே விழுங்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கல்யாணம் வயிற்று வலியோடு நடந்து முடியும். விஷயம் தெரியவரும் நாளில் அடி அந்தப் பெண்ணுக்குத்தான் விழும். இவ்வளவையும் நான் வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை மட்டும் விடவில்லை.

இருட்டில் மில்காரரின் குரல் வந்தது. "சம்பந்தி, எனக்கு வயித்து வலி கெடையாது. குடிதான். விடியிறதுக்கு நேரம் இருக்கு. வேணாம்னா இப்பவே சொல்லிட்டு வண்டியக் கட்டுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா கழுத்துல தாலி ஏறுன பெறகு என்னையச் சொல்லி எம் மகள ஒரு சொல்லு சொல்லிறாதீக. அவ ஒண்ணும் அறியாதவ."

பெண்கள் பக்கத்திலிருந்து "அய்யா..." என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அது கல்யாணப் பெண்.

நாற்காலி நகர்கிற சத்தம். சம்பந்தி எழுந்துவிட்டார் என்று தெரிந்தது. போகிறார், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். தாய்மாமன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "லைட்டப் போடுங்க தம்பி, லைட்டப் போடுங்க" என்று கெஞ்சினார். போடவில்லை. சம்பந்தி போகவில்லை. இருட்டில் எழுந்து வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, தன் நாற்காலியை மில்காரரின் நாற்காலிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏஞ் சம்பந்தி, திருப்பத்தூர்ச் சந்தையில ஒரு காளைக்கன்னு வாங்கணும்னாலே நாலு ஊருல விசாரிச்சுட்டுத்தான் பிடிப்போம். பொண்ணு எடுக்கிறதுக்கு விசாரிக்காம வந்துருவோமா? ஒங்க வயித்து வலிக்கு எந்தக் கடையில மருந்துங்கிறது வரைக்கும் எங்களுக்குத் தெரியும்."

களத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தெரிஞ்சுக்கிட்டா... கேக்காம இருந்தீக?" என்றார் மில்காரர்.

"நாங்க எடுக்கிறது பொண்ண. ஒங்க குடியில பங்கு கேக்கவா வந்தோம்? நீங்களாச் சொன்னாக் கேட்டுக்குவோம்னு இருந்தோம். சொல்லிட்டீக. உக்காருங்க, படம் பாப்போம்."

மில்காரர் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் நான் ஆபரேட்டரின் கையை விட்டேன். விளக்கு வந்ததும் பார்த்தால் மணிக்கட்டு சிவந்திருந்தது, பாவம். பின்னால் காரைக்குடி போய் மானேஜரிடம் பயந்துகொண்டே இதைச் சொன்னேன், விதியை மீறியதற்குத் திட்டு விழும் என்று. அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டுவிட்டு, "லைட்டு கலாட்டாவுக்குத்தான். அது கலாட்டா இல்லையே" என்றார். அவ்வளவுதான். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்று கிடையாது.

மாப்பிள்ளையின் அம்மா சட்டம் போட்டார். "குடிக்கிறதையெல்லாம் மூடி மறைக்காதீக தம்பி, தலையும் புரியல, வாலும் புரியல. எல்லாத்தையும் காட்டுங்க. சாகுறத மட்டும் காட்டிறாதீக. நாளைக்கு முகூர்த்தம்." ஒதுக்கிவைத்த ரீல்களையெல்லாம் எடுத்து ஓட்டினோம். தெருவில் விழுந்து கிடந்தவன் அதற்கு அடுத்த ரீலில்தான் முதல் தடவையாகக் குடித்தான். யாரும் குறை சொல்லவில்லை. "இதுக்குத்தான் ஆத்தா அறைஞ்சாளா? இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்" என்று மாப்பிள்ளையின் அம்மா தீர்ப்பை மாற்றிக்கொண்டார். கடைசி ரீலை விட்டுவிட்டு, ஜோடிப் பாட்டு ரீலையே மறுபடி ஓட்டி மங்களமாக முடித்தோம். காதலர்கள் தோட்டத்தில் கைகோர்த்துப் பாடிக்கொண்டிருக்க, சபை எழுந்து சாப்பாட்டுக்குப் போனது.

நாங்கள் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மில்காரர் தனியாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார். "தம்பி, அந்த வாத்தியான் கடைசியில என்னதான் ஆனான்?"

அன்றைக்கு நான் பட்ட பாட்டிலேயே பெரிய பாடு இதுதான். பொய் சொல்வது சுலபம். குடியை விட்டுவிட்டு நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் அவரும் சந்தோஷமாகச் சாப்பிடப் போவார். ஆபரேட்டர் எனக்குக் கண் ஜாடை காட்டினார், சொல்லாதே என்று. ஆனால் சபை நடுவில் எழுந்து நின்று உண்மையைச் சொன்ன மனிதருக்குப் பதிலாக ஒரு பொய்யைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"செத்துப்போறாங்க. ஒரு சத்திரத்துல" என்றேன்.

"அந்தப் புள்ள வந்துச்சா?"

"வந்துச்சு. அதுக்குள்ள உசுரு போயிருச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நல்லவேள, காட்டாம விட்டீக. பாத்திருந்தா அழுதிருப்பேன். அழுதா எனக்குத் தொண்டை வறண்டுரும். தொண்டை வறண்டா நான் என் பேச்சக் கேக்க மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு எங்கள் கொட்டகைக்கு எதிரே இருந்த கள்ளுக்கடை ஞாபகம் வந்தது. எத்தனையோ பேர் எழுதிய விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவரும் சொன்னதில்லை.

"நாளைக்கு ஒரு நாளைக்குத் தொடாம நின்டுருவேன் தம்பி. அதுக்கு மேல எனக்கே தெரியாது" என்றார். ஏதோ நானும் அந்த வீட்டுப் பிள்ளை என்பதுபோல என் தோளைத் தட்டிவிட்டு, சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

முகூர்த்தம் முடியாமல் போகக்கூடாது என்று எங்களை விடவில்லை. விடியற்காலையில் நாங்களும் பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டு வழக்கம், தட்டில் தேங்காயை வைத்து, அதன்மேல் தாலியை வைத்து, பெண்ணின் தகப்பனார் சபை முழுவதும் காட்டி ஆசி வாங்கி, பிறகு மாப்பிள்ளையிடம் நீட்ட வேண்டும். மில்காரர் தட்டைக் கையில் எடுத்தார். குடித்துப் பழகிய உடம்பு, பல நாளாக ஒரு சொட்டும் இல்லை. தட்டு ஆட ஆரம்பித்தது. அடக்கப் பார்த்தார். அடக்க அடக்க இன்னும் ஆடியது. தேங்காய் தட்டில் உருண்டு தடதடவென்று சத்தம் போட்டது. தாலிக்கயிறு ஒரு பக்கமாகச் சரிந்தது. தாலி கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாயனம்கூட ஒரு கணம் நின்றுவிட்டது. மணையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தித் தகப்பனாரின் கையையே பார்த்தாள். அன்றைக்கு அங்கே இருட்டும் இல்லை, அணைக்க என்னிடம் ஒரு விளக்கும் இல்லை.

சம்பந்தி எழுந்தார். நிதானமாக நடந்து போய் மில்காரருக்கு எதிரே நின்று, இரண்டு கையாலும் தட்டை மறுபக்கம் பிடித்துக்கொண்டார். தட்டு நின்றது.

"எங்க பக்கம் ரெண்டு சம்பந்தியும் சேந்துதான் தட்டப் பிடிப்போம். அதான் மொறை" என்று சபைக்குக் கேட்கும்படி சொன்னார். இரண்டு பேருமாக ஒரே தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார்கள். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு முன்னால் வந்தபோது நானும் தொட்டேன். கண் மறைத்தது.

எனக்கு முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் குழப்பத்தோடு மாப்பிள்ளையின் அம்மா பக்கம் குனிந்தார். "ஏத்தா, நம்ம பக்கம் அப்படி ஒரு மொறை கெடையாதே?"

அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னையிலருந்து உண்டு" என்றார்.